குரு கிரந்த சாகிப்பில் சமணருக்கு இடம் உண்டா?

நம் சங்க மலர்களில் சீக்கியத் திருமறையைப் பற்றிக் கட்டுரை வந்தால் அது பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் போகும். ஆழ்வார் பாட்டில் ஓர் அடி, கிரந்தத்தில் ஓர் அடி என்று எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பாருங்கள், இருவரும் ஒன்றையே சொன்னார்கள் என்று முடிப்போம். நானும் அப்படி இரண்டு கட்டுரை எழுதியவன்தான். பழைய மலர்களில் கிடக்கும். எழுதும்போது மனசுக்கு நிறைவாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் தொடாமலே இத்தனை காலம் தப்பித்து வந்திருக்கிறேன். மொத்தம் 1430 பக்கம் உள்ள நூலில் அது 149-ஆம் பக்கம்; அடுத்த பக்கத்துக்கும் கொஞ்சம் வழியும். அந்த இடத்தில் குரு நானக் சமணத் துறவிகளைத் திட்டுகிறார். நான் வந்தவாசிப் பக்கத்துச் சமணன். வயசு அறுபதைத் தாண்டியாச்சு. இனியும் ஒத்திப்போட வேண்டாம் என்று எழுத உட்கார்ந்தேன்.

நூலை அறியாத இளைய அன்பர்களுக்காக நாலு வரி. ஐந்தாம் குரு அர்ஜன் 1604-ல் இதைத் தொகுத்து அமிர்தசரஸ் ஹர்மந்திரில் வைத்தார். ஏட்டில் எழுதியவர் பாய் குர்தாஸ். பின்னர் ஒன்பதாம் குரு தேக் பகதூரின் பாடல்கள் சேர்ந்தன. 1708-ல் நாந்தேடில் குரு கோவிந்த் சிங், தமக்குப் பின் கிரந்தமே குரு என்று அறிவித்தார். ஆறு குருமார் பாடல்களோடு கபீர், நாமதேவர், ரவிதாஸ், சேக் ஃபரீத் முதலான 15 பக்தர்களின் பாடல்களும் உண்டு. வரிசை பெரும்பாலும் ராகப்படி, 31 ராகங்கள். குருமார் எல்லோரும் 'நானக்' என்றே முத்திரை வைப்பார்கள். தலைப்பில் 'மஹலா' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணை வைத்து யார் பாட்டு என்று தெரிந்துகொள்ள வேண்டும். இன்று அச்சாகும் பிரதி எதை எடுத்தாலும் பக்க எண் மாறாது. ஆகவே 149 என்றால் எல்லாருக்கும் அதே 149.

நான் 1988-ல் தமிழ்நாட்டு மில்களின் பருத்தி நூலுக்கு ஏஜென்டாக லூதியானா வந்தேன். ஹோசியரிக்காரர்களுக்கு கோன் கோனாக நூல் கொடுத்து, பணம் வசூலிக்க அலைகிற பிழைப்பு. என்னிடம் நூல் வாங்கிய பெரியவர் ஒருவர், சர்தார், சாயங்காலம் கடையில் ஆள் குறைந்த பிறகு எனக்கு குர்முகி எழுத்து 35-ஐயும் சொல்லிக்கொடுத்தார். அப்புறம் பேராசிரியர் சாகிப் சிங் எழுதிய 'தர்ப்பண்' உரை, 10 தொகுதி, ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார். கை கழுவி, தலையில் கைக்குட்டை கட்டிக்கொண்டு உட்காருவோம். அவர் வாசிப்பார், நான் பழைய பேரேட்டில் காலியாக இருந்த பக்கங்களில் தமிழில் பொருள் எழுதிக்கொள்வேன். இரண்டாம் வருஷம் 'மாஜ்' ராகத்தின் கடைசிக்கு வந்தோம். ஒருநாள் நடுவில் நிறுத்தி, "நயினார் ஜீ, இன்னைக்கு இது போதும், பார்ட்டி வருது" என்று மூடிவிட்டார். மறுநாள் நேரே 'கௌடி' ராகத்தைத் தொடங்கினார். நான் ஒன்றும் கவனிக்கவில்லை. பல வருஷம் கழித்துப் பேரேட்டைப் புரட்டும்போதுதான் இரண்டு பக்கத்துக்குக் குறிப்பே இல்லை என்று கண்டேன். அந்த இடத்தை எடுத்துத் தனியாகப் படித்தேன். அவர் ஏன் மூடினார் என்று அப்போது புரிந்தது. ஒரு சீக்கியருக்கு அந்த நூலில் ஒரு எழுத்தைத் தாண்டுவதும் லேசான காரியம் இல்லை. எனக்காகத் தாண்டியிருக்கிறார்.

இனி பாட்டுக்கு வருவோம். 'மாஜ்' ராகத்து 'வார்' என்னும் நெடும்பாடலில் கடைசிப் பகுதியில் வரும் சலோகம் இது. முதல் குருவின் வாக்கு. சமணத் துறவி தலைமயிரைப் பிடுங்கிக்கொள்வது, கழுநீர் குடிப்பது, பிறர் மிச்சத்தைக் கேட்டு வாங்கி உண்பது, குளிக்க அஞ்சுவது என்று தொடங்குகிறது. ஆட்டு மயிரைப் பறிப்பது போல என்கிறார். பறிக்கிற கையில் சாம்பல் என்கிறார். இடுப்பில் ஓடு, கையில் குஞ்சம், ஒருவர் பின் ஒருவராக வரிசையில் நடை. பெற்றோரின் பிழைப்பை விட்டுவிட்டு வந்ததால் வீட்டில் அழுகை. இவர்களுக்குப் பிண்டமும் இல்லை, விளக்கும் இல்லை, நெற்றியில் திலகமும் இல்லை. எப்போதும் துக்க வீட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள். இன்னும் ஒன்றிரண்டு வசை இருக்கிறது. அதை இங்கே எழுதக் கை வரவில்லை, வேண்டியவர்கள் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் படித்தபோது எனக்கு ஒரு வழக்கறிஞர் புத்திதான் வந்தது. ஓடு கட்டிக்கொண்டு போவது நம் ஆள் இல்லையே! நாங்கள் திகம்பரர், எங்கள் முனிவர் கையிலேயே வாங்கி உண்பார், பாத்திரம் கிடையாது. கழுநீரும் ஓடும் சுவேதாம்பரர் வழக்கம். பஞ்சாபில் அன்று சுற்றித் திரிந்தவர்களும் அவர்கள்தான். ஆக இந்தத் திட்டு பக்கத்து வீட்டுக்கு வந்த தபால் என்று ஒதுக்கிவிடலாம். இரண்டு நாள் அந்த ஆறுதலில் இருந்தேன். ஆனால் முடி பறிப்பது இரு சாராருக்கும் பொது. அந்தச் சாம்பல் விவரம் என்னை விடவில்லை.

காரணம் சொல்கிறேன். என் பெரியம்மா, அம்மாவின் அக்கா, கடைசிக் காலத்தில் ஆர்யிகை தீட்சை எடுத்தார்கள். பொன்னூர் மலையடிவாரத்தில் நடந்தது. கேசலோசம் அன்றைக்கு நான் ஊரில் இருந்தேன். நரைத்த முடிதான், கைப்பிடி அளவு இருக்கும். விரல் வழுக்காமல் இருக்கச் சாம்பலைத் தொட்டுக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கினார்கள். சுற்றி இருந்தவர்கள் நமோகாரம் சொன்னார்கள். பெரியம்மா மகன், என் அண்ணன், தூணைப் பிடித்துக்கொண்டு அழுதான். பெரியம்மா முகத்தில் அழுகையும் இல்லை, பெருமையும் இல்லை. அரிசியில் கல் பொறுக்குகிற முகம்தான்.

ஆகவே நானக் இதைக் கேள்விப்பட்டு எழுதவில்லை, பார்த்திருக்கிறார். கையில் சாம்பல், வீட்டார் அழுகை, வரிசை நடை, மூன்றும் நேரில் பார்த்தவன்தான் எழுத முடியும். பார்த்த கண் கூர்மையானது. கண்ட காரியத்துக்கான காரணத்தை மட்டும் பாட்டு கேட்கவில்லை. துறவி வரிசையில் தலைகுனிந்து நடப்பது தரையில் எறும்பு இருக்குமே என்று. குளிக்காதது நீரில் உயிர் இருக்கிறதே என்று. தாமே பறித்துக்கொள்வது நாவிதனுக்கும் கத்திக்கும் கடன்படாமல் இருக்கவும், உடம்பு நான் இல்லை என்று பழகவும். இவற்றை ஏற்கச் சொல்லவில்லை. ஆனால் எதிரியின் காரணத்தைச் சொல்லிவிட்டு மறுப்பதுதான் வாதம். இது வாதம் இல்லை, வசை. அதை ஒளித்து எழுத எனக்கு இஷ்டமில்லை.

இதோடு நிறுத்தினால் பாட்டுக்கு நான் அநியாயம் செய்தவன் ஆவேன். பாதிக்கு மேல் பாட்டு திரும்புகிறது. குளிக்காதவர்களைப் பேசப் போய் நீரைப் பற்றிக்கொள்கிறது. கடலைக் கடைந்து மணிகள் வந்தது, தீர்த்தங்கள், தொழுகைக்கு முன்னும் பூஜைக்கு முன்னும் குளியல்.  பிறகு மழைக்கு வருகிறது. மழை பெய்தால் தானியம், கரும்பு, எல்லார் மானத்தையும் மூடும் பருத்தி. புல் முளைக்கும், பசு மேயும், வீட்டுப் பெண் தயிர் கடைவாள், அந்த நெய்யில் வேள்வி நடக்கும். வசை பாட வந்தவருக்கு வசை மறந்தே போய்விட்டது என்று தோன்றும். பஞ்சாபின் விளைநிலம் முழுக்க அந்தச் சில அடிகளில் நனைந்து நிற்கிறது. நூல் விற்றுச் சாப்பிடுகிறவன் நான்; பருத்தி அந்த வரிசையில் வரும்போது என்னை அறியாமல் மனசு இளகியது. பிறகு குருவே கடல், அவர் போதனையே ஆறுகள் என்று பாட்டு ஓர் எட்டு மேலே ஏறுகிறது. அப்போதுதான் கடைசி அடி. குளிக்காத அந்தப் பறித்த தலையில் கைப்பிடி கைப்பிடியாகச் சாம்பல் விழட்டும் என்று முடிகிறது. கையில் சாம்பலோடு தொடங்கியது தலையில் சாம்பலோடு முடிகிறது. நடுவில் அத்தனை நீர். இதைக் கட்டியவன் சாதாரண ஆள் இல்லை. திட்டு வாங்கியவன்தான் சொல்கிறேன்.

ஒரு விஷயம் இங்கே கவனிக்க வேண்டும். பிண்டம், திலகம், தீர்த்தம், அந்தணர் பந்தி, இவை இல்லையே என்று சமணரைக் குறை சொல்கிற அதே நானக், மற்ற இடங்களில் இவற்றை ஒவ்வொன்றாகக் கிழித்துப் போட்டவர். 'ஆசா தி வார்' பாடலில் சிராத்தத்தைக் கேலி செய்கிறார். தீர்த்தமாடப் போகிற கள்ள மனத்தாரை வெளியே கழுவி உள்ளே விஷமாக இருக்கும் சுரைக்குடுக்கையாகக் காட்டுகிறார். குளித்தால் தூய்மை வராது என்பது ஜப்ஜியின் தொடக்கத்திலேயே இருக்கிறது. பூணூலைப் பேசும் இடத்தில் பஞ்சு முதல் முறுக்கு வரை ஒவ்வொன்றுக்கும் ஒரு நற்குணத்தை வைத்து, அந்தப் பூணூல் இருந்தால் போடு என்கிறார். (நூல்காரன் கண்ணுக்கு ஒரு சின்னக் குறை: அங்கே முடிச்சு முன்னால் வருகிறது, முறுக்கு பின்னால் வருகிறது. முறுக்கு ஏறிய பிறகுதானே முடிச்சு! யாப்புக்காக இருக்கும்.) ஆக, சமணனை அடிக்க அவர் எடுத்த கோல் அவர் வீட்டுக் கோல் இல்லை, இரவல். குளிக்கிறவனிடம் குளித்து என்ன பயன் என்கிறார். குளிக்காதவனிடம் ஏன் குளிக்கவில்லை என்கிறார். முரண் என்று சிலர் சொல்லலாம். எனக்கு அப்படிப் படவில்லை. அவரவர் எதைப் பெருமையாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்களோ அங்கேதான் அவர் கை வைக்கிறார். ஆனால் பிராமணனிடமும் காஜியிடமும் யோகியிடமும் நேரே நின்று, 'நீ' என்று கூப்பிட்டுப் பேசுகிறவர், இங்கே முன்னிலையில் ஒரு வார்த்தை பேசவில்லை. 'இவர்கள்' என்று மூன்றாம் ஆளிடம் சொல்கிறார். எனக்குப் பெரிதாகப் பட்டது திட்டைவிட இதுதான்.

இதே நானக், 'ஆசா தி வார்' பாடலில் தீட்டைப் பற்றிப் பேசும்போது ஒன்று சொல்கிறார். சாணத்திலும் விறகிலும் புழு இருக்கிறது, தானியத்தில் ஒரு மணிகூட உயிர் இல்லாமல் இல்லை, எல்லாவற்றுக்கும் முதலில் நீரே உயிர், ஆகவே தீட்டு பார்த்தால் அடுப்படியிலேயே தீட்டுதான் என்பது அவர் வாதம். விடியற்காலையில் ஹர்மந்திரில் தினமும் பாடப்படுகிற பாட்டு இது. முதல் தடவை பொருள் தெரிந்து கேட்டபோது எங்கள் பள்ளியில் பண்டிதர் பாடம் சொல்வது போலவே இருந்தது. நீரில் உயிர், மண்ணில் உயிர், வித்தில் உயிர். இதைச் சொல்லித்தானே எங்களை வளர்த்தார்கள்! ஒரே உண்மையிலிருந்து இரண்டு பாதை பிரிகிறது. எங்கும் உயிர் என்பதால் எட்டி நில், தொடும்போது பார்த்துத் தொடு என்றது சமணம். எங்கும் உயிர் என்பதால் விலகி நிற்க இடமே இல்லை, நடுவில் வந்து வாழு என்றார் நானக். 149-ஆம் பக்கத்தில் ஓடும் நீரும் இந்த நீர்தான். அதை அவர் சமணனிடமிருந்தே கடன் வாங்கினார் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. பக்கத்து வயல் என்பது மட்டும் தெரிகிறது.

இப்போது ஃபரீதிடம் போக வேண்டும். ஃபரீதைப் படிக்காமல் என் மனத்தாங்கல் என்ன என்று விளங்காது.

பாக்பட்டனில் வாழ்ந்த சூஃபி, சிஷ்தி மரபினர், 13-ஆம் நூற்றாண்டு. கிரந்தத்தின் கடைசிப் பகுதியில் 1377-ஆம் பக்கத்திலிருந்து அவர் பேரில் 130 சலோகம். அவற்றில் 112 அவருடையது. மீதி குருமார் இடையிடையே எழுதியது. ஃபரீத் உடம்பை வாட்டியவர். முதுமை, காக்கை, ஆற்றங்கரை மரம், பச்சை மண் குடம் என்றே அவர் கண் போகும். உடம்பைத் தந்தூர் அடுப்பாகவும் எலும்பை விறகாகவும் எரிக்கத் தயார் என்கிறார் ஓரிடத்தில். பக்கத்திலேயே நானக்கின் பதில் இருக்கிறது: அடுப்பாக்க வேண்டாம், தலையும் காலும் என்ன தப்பு செய்தன, உள்ளே பார். இறைவன் நினைவில் ஊறியவர் உடம்பை வெட்டினால் இரத்தம் வராது என்கிறார் ஃபரீத். மூன்றாம் குரு அமர்தாஸ் பக்கத்தில் வந்து நின்று, இரத்தம் இல்லாமல் உடம்பு ஏது, இல்லாமல் போவது ஆசை என்னும் இரத்தம் என்று பொருளைத் திருத்துகிறார். பட்டைக் கிழித்துப் போட்டுக் கம்பளி போர்த்திக்கொள்வேன் என்கிறார் ஃபரீத். ஏனம்மா பட்டைக் கிழிக்கிறாய், மனசு சரியாக இருந்தால் வீட்டில் உட்கார்ந்தபடியே கணவன் கிடைப்பான் என்கிறார் அமர்தாஸ். லூதியானாவில் இருந்துகொண்டு இதைப் படித்துச் சிரிக்காமல் இருக்க முடியாது. இங்கே கம்பளிதானே சோறு போடுகிறது!

இந்த முறைக்கு ஈடாக வேறு எந்தச் சமய நூலிலும் நான் பார்த்ததில்லை. ஒருவர் சொன்னதில் உடன்பாடு இல்லை. அதை நீக்கவில்லை, மாற்றவில்லை. முழுசாக வைத்து, பக்கத்தில் தம் சொல்லையும் வைத்து, யாருடையது எது என்று தலைப்பில் எண்ணும் போட்டுவிட்டார்கள். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன ஒரு முஸ்லிம் ஃபகீரோடு உட்கார்ந்து பேசுகிறார்கள். அர்ஜன் குருவின் தொகுப்புத் திறமைக்கு இந்த 130 சலோகம் போதும்.

உடம்பை வருத்துவதில் ஃபரீதுக்கும் சமண முனிவருக்கும் எத்தனை தூரம்? அளந்தால் ரொம்ப இல்லை. அப்படியிருக்க ஒருவருக்குப் பதில், ஒருவருக்கு வசை ஏன்? இதை வருஷக்கணக்கில் யோசித்திருக்கிறேன். சமணர் கவிதை எழுதாததால் என்று சொல்ல முடியாது. அதில் நமக்குக் குறைச்சல் இல்லை. பகை என்றும் சொல்ல முடியாது. ஃபரீத் வழிவந்தவர்களோடும் நானக்குக்கு வேறுபாடு உண்டு. காரணம் கிரந்தத்தின் கவிதையே எழுந்த அடித்தளத்தில் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன்.

அந்த நூலில் பாடுகிறவர் பெரும்பாலும் ஒரு பெண். கணவன் வரக் காத்திருப்பவள், வராத இரவை எண்ணுபவள், வந்த வீட்டில் மெத்தை விரிப்பவள். தாடி வைத்த குருமார் அத்தனை பேரும் அந்தக் குரலில்தான் பாடுகிறார்கள். இந்த 'மாஜ்' ராகத்திலேயே, நம் 149-ஆம் பக்கத்துக்கு ஒரு பதினைந்து பக்கம் முன்னால், அர்ஜன் குருவின் 'பாராமாஹா' இருக்கிறது. பன்னிரண்டு மாதமும் மாறிவர அவள் ஏக்கமும் மாறிவரும். ஃபரீத் உடம்பை எரிப்பதும் அந்தக் கணவனுக்காகத்தான். அதனால் அவருக்குப் பதில் சொல்ல முடிகிறது: நீ தேடுகிறவன் வீட்டிலேயே இருக்கிறான், எதற்கு எரிக்கிறாய் என்று. சமணன் யாருக்காக எரிக்கிறான்? யாருக்காகவும் இல்லை. எங்கள் தீர்த்தங்கரர் யார் கூப்பிட்டாலும் வரமாட்டார். படைக்கவும் இல்லை, காக்கவும் இல்லை, கணவனும் இல்லை. மயிலாப்பூர் நேமிநாதர் மேல் அவிரோதியாழ்வார் பாடிய திருநூற்றந்தாதியில் பக்திக்கு என்ன குறை? ஆனாலும் அது பதில் வராது என்று தெரிந்தே போடுகிற கடிதம். பிரிவு இருந்தால்தானே பிரிவாற்றாமை. அந்த ஏக்கம் இல்லாத துறவைப் பார்த்தபோது நானக்குக்கு வெறும் பறித்த தலையும் அழுக்குத் துணியும்தான் கண்ணில் பட்டிருக்கிறது. பேச ஒரு நுனி அகப்படவில்லை. நுனி அகப்படாத சிட்டத்தை நாங்கள் என்ன செய்வோம், மூலையில் எறிவோம்.

ஆனால் கிரந்தம் ஒரே குரல் இல்லை என்று சொன்னேன் அல்லவா. அர்ஜன் குருவின் 'சுக்மனி'யில், 24 அஷ்டபதியில் மூன்றாவதில், சமண வழியின் கடும் சாதனைகள் பேர் சொல்லி வருகின்றன. தொனியைப் பாருங்கள். யோகியின் ஆசனங்கள், சமண மார்க்கத்துச் சஞ்சமம், உடம்பை அணு அணுவாக அறுத்துக்கொடுப்பது, இத்தனையும் செய்தாலும் 'நான்' என்னும் அழுக்கு போகாது என்கிறார். ஆடும் இல்லை, சாம்பலும் இல்லை. கடினமான காரியம் என்று ஒத்துக்கொண்டே போதாது என்கிறார். இரண்டு தலைமுறையில் எத்தனை மாற்றம்! அழுக்கு என்ற சொல் மட்டும் நிற்கிறது. அது உடம்பிலிருந்து 'நான்' என்பதற்கு இடம் மாறிவிட்டது.

இப்படிச் சொன்னால் எனக்குச் சண்டையே இல்லை. எங்கள் குந்தகுந்தர் இதைத்தான் சொன்னார். எங்கள் ஊர்ப் பொன்னூர் மலையில் தவம் செய்தவர் என்று நாங்கள் கும்பிடுகிறவர். அவருடைய 'பாவ பாகுடம்' முழுக்க முனிவர்களுக்குக் கொடுத்த சாட்டையடி. உள்ளே பாவம் இல்லாமல் ஆடையை விட்டால் என்ன, நரகரும் விலங்கும்கூட ஆடையில்லாமல்தான் இருக்கின்றன என்கிறார். கிரந்தத்தில் கபீர் காட்டு மானைக் காட்டி இதே கேள்வியைக் கேட்கிறார். கபீர் பிராகிருதம் படித்தவர் என்று நான் சொல்லவில்லை. ஒரே நோய்க்கு ஒரே மருந்து. ஆனால் குந்தகுந்தர் சொன்னது வீட்டுப் பெரியவர் கண்டித்தது, கபீர் சொன்னது தெருவில் போகிறவர் சிரித்தது. காதில் விழும்போது வித்தியாசம் உண்டு.

இன்னொன்றையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். 'வார்' என்பது பஞ்சாபில் முதலில் போர்ப்பாட்டு. இரண்டு வீரர் மோதுவதைத் தாடிகள் பாடுவார்கள். இந்த மாஜ் வாருக்கே மலிக் முரீத், சந்திரஹடா சோஹியா என்ற இரு வீரர்களின் பாட்டு மெட்டில் பாட வேண்டும் என்று தலைப்பில் குறிப்பு இருக்கிறது. போர்ப்பாட்டில் எதிரி வேண்டும், அவனை இழிக்கவும் வேண்டும். நம் பரணியில் தோற்றவன் பேராவது நூலுக்கு வரும். இங்கே அதுவும் இல்லை.

தமிழ்ச் சமணனுக்கு இது பழகிய காதுதான். பள்ளிக்கூடத்தில் தேவாரம் படிக்கும்போது தலை பறித்தவர், பல் விளக்காதவர் என்றெல்லாம் வரும். வகுப்பில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் அப்பர் திட்டும்போது தாமும் அப்படி இருந்தோமே என்று நொந்துகொள்வார். உள்ளே இருந்து வெளியே போனவர். அந்த வலி எனக்குப் புரியும். நாங்களும் சும்மா இருந்தவர்கள் இல்லை. நீலகேசியில் பௌத்தரை என்ன பாடு படுத்தியிருக்கிறோம்! அதை 1936-ல் பதிப்பித்த சக்கரவர்த்தி நயினாரை இன்றும் கொண்டாடுகிறோம். ஒரு பௌத்தன் அதைப் படித்தால் எப்படி இருக்கும் என்று நான் 149-ஆம் பக்கம் படிக்கும்வரை ஒருநாளும் நினைத்ததில்லை.

சர்தார் 2019-ல் காலமானார். அவர் வீட்டில் அகண்ட பாடம் வைத்தார்கள். முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை இடைவிடாமல் வாசிப்பது. சுமார் 48 மணி நேரம் ஆகும். காலை 9 மணிக்குத் தொடங்கினார்கள். எனக்குக் கணக்கு போடுகிற புத்தி; பிற்பகல் 2 மணி வாக்கில் அந்தப் பக்கம் வரும் என்று தெரிந்தது. கடையை மூடிவிட்டுப் போய்த் தலையில் துணி கட்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தேன். பாராமாஹா முடிந்து, வார் தொடங்கியது. ஆள் மாறி இருபது வயசுப் பையன் ஒருவன் வாசிக்க உட்கார்ந்தான். அந்தச் சலோகம் வந்தது. வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஆடு, சாம்பல், வீட்டார் அழுகை எல்லாம் ஒரே சீராகப் போயிற்று. அழுகை வந்த இடத்தில் எனக்குத் தூணைப் பிடித்து நின்ற அண்ணன் ஞாபகம். பிறகு மழை வந்தது, பருத்தி வந்தது. கடைசிச் சாம்பலும் வந்தது. சற்று நேரத்தில் கௌடி ராகம் தொடங்கிவிட்டது. பெரியவர் எனக்காகத் தாண்டிய பக்கத்தை அவர் வீட்டிலேயே கேட்டு முடித்தேன்.

எழுந்து லங்கர் பந்தியில் போய் உட்கார்ந்தேன். அந்த வீட்டில் முப்பது வருஷமாகச் சாப்பிட்டவன். பரிமாறிய மருமகள் என் தட்டுக்கு வந்ததும் உருளைக்கிழங்கு வாளியை மறு கைக்கு மாற்றிப் பின்னால் பிடித்துக்கொண்டு, பருப்பு மட்டும் இரண்டு கரண்டி ஊற்றினாள்.